பழைய கேபினெட்டுக்குள் புதிய கணினி: முதலில் பெட்டியை அளக்க வேண்டும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 2005ஆம் ஆண்டு உங்கள் அண்ணன் கல்லூரியில் சேர்ந்தபோது சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கட்டிய பென்டியம் 4 கணினியின் கேபினெட் இன்னும் வீட்டில் இருக்கிறது. தகடு துருப்பிடிக்கவில்லை, முகப்பு மட்டும் மஞ்சளேறிப் போயிருக்கிறது. அதற்குள் ரைசன் 5 5600ஜி சிபியு, பி550 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, எம்.2 எஸ்எஸ்டி ஆகியவற்றை வைத்து, அடுத்த ஆண்டு ஒரு கிராபிக்ஸ் கார்டும் சேர்க்க முடியுமா, மின்சாரம் வழங்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே சூடேறிவிடுமோ என்ற பயத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். கணினியைக் கட்ட முடியும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பயன்படுத்தக் கூடாது. இரண்டுக்கும் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். இருபது ஆண்டுக்கு முந்தைய நல்ல தகட்டுப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மதர்போர்டுக்கும் பெட்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பொதுவாக இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை இன்றும் நடைமுறையில் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. முழு அளவு போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், பின்பக்க இணைப்புகள் வெளியே தெரியும் திறப்பு 158.75க்கு 44.45 மில்லிமீட்டர், ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர், எஸ்எம்பிஎஸ்ஸின் முகம் 150க்கு 86 மில்லிமீட்டர் என்று அப்போது வகுத்த எண்கள் அப்படியே நிலைத்திருக்கின்றன. 1997இல் வந்த, அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸும், 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸும் அதே துளை வரிசையை ஒட்டியே அமைந்தவை. ஆகவே உங்கள் புதிய போர்டு அந்தப் பழைய தட்டில் உட்காரும். மாறியவை வேறு: சிபியுவின் வெப்பத்தை உறிஞ்சும் ஹீட்சிங்க் உயர்ந்துவிட்டது, கிராபிக்ஸ் கார்டு நீண்டுவிட்டது, மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட் வழியாகவே எடுக்கப்படுகிறது, ஒரே பெட்டிக்குள் இரண்டு இடங்களில் வெப்பம் உண்டாகிறது. புதிய பெட்டி வாங்குகிறவர் பாகங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற பெட்டியைத் தேடலாம். பழைய பெட்டியை வைத்திருப்பவர் அதை அளந்து முடிக்கும்வரை ஒரு பாகமும் வாங்கக் கூடாது.

அளக்கும் முன் உங்களிடம் இருப்பது உண்மையிலேயே ஏடிஎக்ஸ் பெட்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கட்டிய 2005ஆம் ஆண்டுக் கணினி என்றால் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அதே காலத்தில் சில பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கு விற்ற கணினிகளில் பிடிஎக்ஸ் என்ற இன்னொரு அமைப்பு இருந்தது. இன்டெல் அதை 2006இலேயே கைவிட்டுவிட்டது. அந்தப் பெட்டிகளின் துளைகளும் பின்பக்கத் திறப்பும் இன்றைய எந்தப் போர்டுக்கும் ஒத்துவராது. 1990களின் நடுவில் வாங்கிய ஏடி வகைப் பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் பின்புறத்தில் விசைப்பலகைக்கான ஒரு வட்டத் துளை மட்டுமே இருக்கும். முகப்பில் உள்ள பவர் பட்டனுக்கே வீட்டு மின்சாரமான 230 வோல்ட் நேரடியாக வரும். அந்த ஸ்விட்சின் கம்பியை மதர்போர்டில் செருகிவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை அடியோடு கழற்றிவிட்டு, அழுத்தினால் மட்டும் இணையும் சிறிய ஸ்விட்சை அங்கே பொருத்த வேண்டும்.

இனி அளவுகள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய போர்டையும் எடுத்துவிட்டு, ஒரு அட்டைத் துண்டைப் போர்டு அமரும் தட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தி, மூடி வந்து சேரும் விளிம்பின் உயரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நான் அண்மையில் கட்டிய ஒரு பெட்டியில் அது 168 மில்லிமீட்டர் இருந்தது. இந்த அளவு முழுவதும் ஹீட்சிங்குக்குக் கிடைக்காது. போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் சுமார் 6.5 மில்லிமீட்டர், போர்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், சாக்கெட்டும் சிபியுவும் சேர்ந்து ஏழு எட்டு மில்லிமீட்டர். ஆக 16 மில்லிமீட்டரைக் கழித்துவிட வேண்டும். மூடி உள்வாங்கும் என்பதற்காக இன்னொரு நான்கைக் கழித்தால் எனக்கு 148 மில்லிமீட்டர் மிஞ்சியது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட கோபுர வடிவக் கூலர்களில் பெரும்பாலானவை 155 முதல் 160 வரை உயரமானவை. அவை அங்கே நுழையாது. 92 மில்லிமீட்டர் விசிறி கொண்டவை 125 முதல் 135க்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டிக்கு நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். உங்கள் 5600ஜியோடு பெட்டியிலேயே வரும் கூலர் 54 மில்லிமீட்டர் உயரம்தான் என்பதால் இப்போதைக்கு உங்களுக்குச் சிக்கலில்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ் போர்டுக்குப் பக்கவாட்டில் நின்றபடி சிபியுவை மறைக்கும் குட்டைப் பெட்டி உங்களுடையது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் உட்புறம்வரைதான் உயரம் கிடைக்கும். அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கான அளவு பின்பக்கத் தகட்டிலிருந்து முன்புறத்து ஹார்டு டிஸ்க் கூண்டின் விளிம்புவரை. இங்கேதான் பழைய பெட்டிகள் கையை விரிக்கும். இரண்டு விசிறி கொண்ட இடைநிலைக் கார்டுகளே 200 முதல் 250 மில்லிமீட்டர்வரை போகின்றன. மூன்று விசிறிக் கார்டுகள் 300ஐத் தாண்டுகின்றன. கூண்டை ரிவெட் அடித்திருந்தால் துளையிட்டுக் கழற்றிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதை எளிதில் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காலத்துப் பெட்டியில் மேல் தட்டையும் அடித் தட்டையும் முன்புறத்தில் இறுக்கிப் பிடித்திருப்பது அந்தக் கூண்டுதான். அதை எடுத்துவிட்டால் மூடியைப் போடும்போது திருகுத் துளைகள் நேர்கோட்டில் வராது, விசிறி சுற்றினால் தகடு அதிரும். கூண்டைக் காப்பாற்றிக்கொண்டு குட்டையான கார்டை வாங்குவதே மேல். 70 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற கார்டுக்குத் தனி மின்கம்பிகூடத் தேவையில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. உங்கள் பெட்டிக்கு என் தேர்வு அதுதான்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் பாதி நியாயம் உண்டு. 5600ஜியின் மின் நுகர்வு வரம்பு 88 வாட். அந்தப் பெட்டியின் காலத்தில் விற்ற 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 570 சிபியுவின் வெப்ப அளவு 115 வாட். அதாவது சிபியுவைப் பொறுத்தவரை அக்காலத்துப் பெட்டிகள் இதைவிடச் சூடானதையே சுமந்திருக்கின்றன. அந்த வெப்பத்துக்காகவே இன்டெல் அப்போது பெட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி வகுத்தது: அறை 35 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது சிபியு விசிறிக்குள் போகும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகத்தான் பக்கவாட்டு மூடியில் சிபியுவுக்கு நேராக ஒரு துளைக்கூட்டமும் அதன் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலும், கார்டுகளுக்கு நேராக இன்னொரு துளைக்கூட்டமும் வைத்தார்கள். உங்கள் மூடியிலும் அந்தப் புனல் இருக்கக்கூடும். குட்டையான கூலர் என்றால் அதை அப்படியே விட்டுவையுங்கள். கோபுரக் கூலர் என்றால் மோதும், கழற்றிவிட வேண்டும். கார்டுகளுக்கு நேரான துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டு கீழ்நோக்கிய விசிறியால் காற்றை இழுப்பது. அது வெளிக்காற்றை நேரடியாகப் பெற அந்த வழிதான் உதவும்.

பயத்தின் மறுபாதி முகப்பைப் பற்றியது. சிபியுவும் கார்டும் மற்றவையும் சேர்ந்து 200 வாட் வெப்பம் உண்டாக்குவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், விநாடிக்குச் சுமார் 17 லிட்டர் காற்று பெட்டி வழியாக ஓட வேண்டும். எண்பது மில்லிமீட்டர் விசிறியின் வட்டப் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர்; அந்த அளவு திறப்பு இருந்தால் இந்தக் காற்று சிரமமில்லாமல் போகும். ஆனால் நான் முன்பு சொன்ன பெட்டியின் முகப்பைக் கழற்றிப் பார்த்தபோது, விசிறி பொருத்தும் இடத்துக்கு வெளிக்காற்று வருவதற்கு இருந்த ஒரே வழி, பிளாஸ்டிக் முகப்பின் அடியில் 12 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கீற்று. அதாவது 12 சதுர சென்டிமீட்டர். அதன் வழியாக விநாடிக்கு 17 லிட்டர் போக வேண்டுமானால் காற்று விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். எந்தக் கணினி விசிறியாலும் அது நடக்காது. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த விசிறியை மாட்டினாலும் அது இரைச்சல் போடுமே தவிரக் காற்றைக் கொண்டுவராது. பழைய பெட்டியில் கணினி கட்டிவிட்டு ‘சூடாகிறது’ என்று சொல்கிறவர்களின் பெட்டிகளை நான் பார்த்தவரையில், குறை விசிறியில் இருந்ததில்லை, முகப்பில்தான் இருந்தது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, முகப்பையே சற்றுத் திறப்பது. விசிறிக்கு எதிரே உள்ள தகட்டில் அச்சடித்த சின்னச் சின்னத் துளைகளுக்கு இடையே இருக்கும் இரும்பு, காற்றின் பாதையில் பாதியை மறைத்துவிடும். அந்த வட்டத்தை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி கிரில் ஒன்றைப் பொருத்தலாம். அக்காலத்துத் தகடு கனமானது என்பதால் தகரக் கத்தரியால் வெட்டினால் ஓரம் நெளிந்துவிடும். பக்கத்திலுள்ள லேத் பட்டறையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. வெட்டுவதற்கு முன் பெட்டிக்குள் எதுவும் இருக்கக் கூடாது. வெட்டிய பின் உட்புறம் முழுவதையும் தூரிகையால் தள்ளி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் போர்டைக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு இரும்புத் தூள் போர்டின் அடியில் மாட்டிக்கொண்டாலும் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது. உங்கள் பெட்டியின் மேற்பகுதியில் டிவிடி டிரைவுக்காக மூன்று நான்கு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 146 மில்லிமீட்டர் அகலம், 41 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். அடுத்தடுத்த மூன்று அறைகளின் மூடிகளை எடுத்துவிட்டால் 146க்கு 124 என்ற திறப்பு கிடைக்கும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று அதில் அளவெடுத்தாற்போல் அமரும். மெல்லிய அலுமினியப் பட்டை இரண்டை வளைத்து, டிரைவைத் தாங்கும் பக்கத் துளைகளிலேயே திருகி விசிறியை மாட்டிவிடலாம். தகட்டை வெட்டவே வேண்டியதில்லை. 80 மில்லிமீட்டர் விசிறியைவிட இரண்டேகால் மடங்கு பரப்பு, அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தமும் குறையும். அந்த உயரத்தில் நுழையும் காற்று நேராக சிபியுவின்மேல் வந்து, பின்புற விசிறி வழியாகவும் எஸ்எம்பிஎஸ் வழியாகவும் வெளியேறும். முன்னால் ஒரு வலையைக் கட்டிவிடுங்கள். வீட்டுக் கொசுவலைத் துண்டு முடியையும் பஞ்சையும் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளேயும் ஊதித் துடைக்க வேண்டியிருக்கும்.

பின்புறத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய விசிறியை மாற்றிவிடுங்கள். இருபது ஆண்டில் அதன் எண்ணெய் வற்றியிருக்கும். எண்பதாக இருந்தால் புதிய எண்பது, 92க்கான துளைகள் இருந்தால் 92.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருகிறேன். பழையதன் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்டுக்கு எதிரே 15 ஆம்பியர் என்று இருக்கும். பன்னிரண்டையும் பதினைந்தையும் பெருக்கினால் 180 வாட்தான். மீதி வாட் கணக்கு 5 வோல்டிலும் 3.3 வோல்டிலும் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய கணினியின் சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் விசிறிகளும் 12 வோல்டையே கேட்கின்றன. அந்த மீதி வாட்டால் உங்களுக்குப் பயனில்லை. 5 வோல்டில் சுமையில்லாமல் 12 வோல்டில் மட்டும் சுமை ஏறினால், அந்தக் கால மலிவான எஸ்எம்பிஎஸ்களில் மின்னழுத்தம் நிலைகுலைந்தும் போகும். சிபியுவுக்கான 8 முனை இணைப்பு இருக்காது, போர்டுக்கு 24 முனைக்குப் பதில் 20 முனை இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மாற்றுக் கம்பி வாங்கிச் சமாளித்துவிடலாம். ஆனால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களின் வயதுக்கு மாற்றுக் கம்பி கிடையாது. 1999 முதல் 2007வரை தயாரான பல மின்னணுச் சாதனங்களில் கெப்பாசிட்டர்கள் தரக்குறைவால் உப்பி வெடித்த வரலாறும் உண்டு. திறந்து பார்த்து மாற்றிக்கொள்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும்.

80 பிளஸ் என்ற மின்திறன் சான்றிதழ் கொண்ட, நம்பகமான 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் உங்களுக்குத் தாராளம். வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 140 மில்லிமீட்டர் ஆழம் என்றால் பழைய பெட்டியில் டிவிடி டிரைவோடு மோதாது. வேண்டாத கம்பிகளைக் கழற்றிவைக்கக்கூடிய வகையை வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இன்றைய பெட்டிகளைப் போலப் போர்டுத் தட்டின் பின்னால் கம்பிகளை ஒளித்துவைக்க அங்கே இடமில்லை. மிஞ்சும் கம்பி எல்லாம் காற்று வரும் வழியில்தான் தொங்கும். நான்கு திருகுத் துளைகளும் சமச்சீராக இல்லாததால் பழைய பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரே ஒரு வாக்கில்தான் பொருத்த முடியும்: விசிறி கீழ்நோக்கி, சிபியுவைப் பார்த்தபடி. அது சரியான வாக்குதான்.

கேபினெட்டைத் தொட்டால் ‘ஜிவ்வென்று’ இழுக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்று சொல்லி, பெட்டி பழையதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். அது பெட்டியின் குற்றமன்று. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் பெட்டியின் உடலுக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இணைத்திருப்பார்கள். சுவர் பிளக்கில் எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடல் 230 வோல்டுக்குப் பாதியளவான 115 வோல்டில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் கூசும், அவ்வளவுதான். ஆனால் டிவியில் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகும் நொடியில் அதுவே போர்ட்டைக் கருக்கிவிடக்கூடும். புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டினாலும் இது தொடரும். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பிளக்கின் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு முனை மாற்றுப் பிளக்கில் செருகியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

போர்டை அமர்த்தும் வேலையில் ஒரே ஒரு இடத்தில் மிகுந்த நிதானம் வேண்டும். பழைய போர்டுக்காகத் தட்டில் திருகிய ஸ்டாண்டாஃப்கள் அப்படியே நிற்கும். உங்கள் புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஒவ்வொன்றையும் கழற்றிவிட வேண்டும். என் தம்பியின் கணினியை இப்படி மாற்றிக் கட்டியபோது, பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. ராமைக் கழற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், அரை நாள் போனது. கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தால் ராம் ஸ்லாட்டுகளின் அடியில், பழைய முழு அளவு போர்டுக்கான ஒரு ஸ்டாண்டாஃப் நின்று, சாலிடர் முனைகளில் பளபளவென்று ஒரு வட்டக் கீறலைப் போட்டிருந்தது. அதைக் கழற்றியதும் கணினி எழுந்தது. அவ்வளவில் தப்பியது எங்கள் நல்ல நேரம். அன்றிலிருந்து போர்டை ஒரு தாளில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்து, அந்தத் தாளைத் தட்டின்மேல் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் திருகை எடுக்கிறேன். விலை குறைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் ஒரு பக்கம் ஒடுங்கியவை. முன்புற ஓரத்துக்குத் தாங்கு கிடையாது. 24 முனை இணைப்பை அழுத்தும்போது போர்டு வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கியபடி அழுத்துங்கள்.

கூலரையும் வெளியிலேயே, மேசைமேல் வைத்துப் பொருத்திவிட வேண்டும். 5600ஜியோடு வரும் கூலரைத் திருக, போர்டில் ஏற்கெனவே உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அவற்றின் நான்கு திருகுகளையும் எடுத்ததும் போர்டின் பின்னால் உள்ள உலோகத் தகடு பிடிமானமின்றி விழுந்துவிடும். இன்றைய பெட்டிகளில் தட்டில் ஒரு சன்னல் வெட்டியிருப்பதால் பின்னாலிருந்து கையால் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் பெட்டியின் தட்டு மூடியது. போர்டை உள்ளே திருகிவிட்டு இந்த வேலையைத் தொடங்கினால், எல்லாத் திருகுகளையும் மறுபடி கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்பக்க இணைப்புகள் தெரியும் திறப்பில் உள்ள பழைய தகட்டை உள்ளிருந்து தட்டி எடுத்துவிட்டுப் புதிய போர்டோடு வரும் தகட்டை மாட்டுங்கள். சில மலிவான பெட்டிகளில் அது பெட்டியோடு சேர்ந்தே அச்சடித்திருக்கும். முன்னும் பின்னும் வளைத்து ஒடித்து, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

முகப்புக் கம்பிகள்தான் பொறுமையைச் சோதிப்பவை. பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச் இரண்டுக்கும் இடம்வலம் கிடையாது. எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். எல்இடி கம்பிகளை மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது, கெடுதல் ஏதுமில்லை, திருப்பிச் செருகினால் போதும். பவர் எல்இடியின் இணைப்பான் மட்டும் இடறும். பழைய பெட்டிகளில் அது மூன்று துளை அகலமானது, நடுத்துளை காலி. புதிய போர்டில் அதற்கு அடுத்தடுத்த இரண்டு முனைகள்தான். மூன்றாவது துளையின் பிளாஸ்டிக் பவர் ஸ்விட்சின் முனையை மறைத்துவிடும். ஒரு குண்டூசியை எடுத்து, ஓரத்துளையின் பக்கத்தில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் நாக்கை மெல்ல நிமிர்த்துங்கள். கம்பியை இழுத்தால் அதன் உலோக முனை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை நடுத்துளையில் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை தள்ளி, நாக்கை அமுக்கி, காலியான ஓரத்தைக் கத்தியால் சீவிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது ஆண்டு பழைய பச்சை விளக்கு மறுபடி எரியும்.

முகப்பு யூஎஸ்பியில் இந்தத் தாராளம் கூடாது. அக்காலத்துப் பெட்டிகளில் அது எட்டு ஒற்றைக் கம்பிகளாகத் தொங்குவதுண்டு: ஒவ்வொரு போர்ட்டுக்கும் சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தகவல், கறுப்பு தரை. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் செருகிய பென் டிரைவ் அந்தக் கணமே போய்விடும். செருகியதும், எதையும் இணைக்கும் முன், மல்டிமீட்டரால் போர்ட்டின் ஓர முனைகளில் 5 வோல்ட் சரியான திசையில் வருகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, ஃபிளாப்பி டிரைவ் இருந்த 3.5 அங்குல அறைக்கென்றே விற்கும் யூஎஸ்பி 3 முகப்புப் பலகை ஒன்றை வாங்கிப் பொருத்துவது; போர்டில் சும்மா இருக்கும் 19 முனை இணைப்புக்கு அப்போது வேலை கிடைக்கும். முகப்பு ஆடியோ ஏசி97 என்ற பழைய வகையாக இருந்தால் அதன் இணைப்பான் புதிய போர்டில் நுழையும், ஆனால் ஹெட்ஃபோன் செருகியதைக் கணினி தானாக உணராது; பின்புறத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முகப்பின் மஞ்சள் நிறத்துக்கு, தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் சேர்மங்களும் சூரிய ஒளியும் காரணம் என்பது பரவலான விளக்கம். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் வெளுக்கும், கையுறை அவசியம். அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும் என்பதால் முகப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக அமுக்கிக் கழற்றுங்கள், முன்னாலிருந்து இழுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பக்க மூடியைத் திறந்து வைத்து, சிபியுவுக்கும் கார்டுக்கும் முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைப் போட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு ஐந்தாறு டிகிரிக்குள் இருந்தால் காற்றுவழி சரியாக இருக்கிறது. பத்தைத் தாண்டினால் முகப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது முறை ஓட்டிப் பாருங்கள்; வெப்பம் இறங்கினால் அந்தக் கீற்றுதான் அடைப்பு. கணினியை மார்கழியில் கட்டினால் இந்தச் சோதனையைச் சித்திரை மாதப் பிற்பகலில் இன்னொரு முறை செய்யுங்கள். அறையின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி உள்ளேயும் ஏறும்.